தொல்பொருள் பலகை நட்ட பிறகு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் கோயில் பரிபாலன சபைகளுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் மனு, முறைப்பாடு, தகவல் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். குச்சவெளியில் இருந்து வந்தாலும் மூதூரில் இருந்து வந்தாலும் ஆட்கள் கேட்பது ஒன்றைத்தான். பழைய கோயில், மலை, குளக்கட்டு, வெந்நீர்க் கிணறு எல்லாம் ஊரிடமிருந்தும் மாகாணத்திடமிருந்தும் கொழும்பின் அதிகாரத்துக்குப் போவது எப்படி, போன பிறகு எங்களுக்கு என்ன மிஞ்சும்?

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இது ஈடாகாது. ஆனால் அவரிடம் போகும்போது எதைக் கேட்பது, எந்தக் கடதாசியைக் கொண்டுபோவது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

"தொல்பொருள் எங்கட இடத்தை எடுத்திட்டுது" என்று எல்லாரும் சொல்லுறாங்கள். எடுத்தது என்றால் உண்மையில என்ன?

இந்த ஒரு வசனத்துக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. அதிகாரிகள் வந்து அளந்து, பலகை நட்டுவிட்டுப் போயிருக்கலாம். அரச காணியில் ஒரு பகுதியைத் தொல்பொருள் ஒதுக்கிடமாக வர்த்தமானியில், அதாவது அரசிதழில், அறிவித்திருக்கலாம். தனியார் காணியில் உள்ள கட்டடத்தைப் 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' ஆக்கியிருக்கலாம். காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் காணியையே சுவீகரிக்கத் தொடங்கியிருக்கலாம். அல்லது உரிமையில் எந்த மாற்றமும் இல்லாமல், அன்றாட நிர்வாகம் மட்டும், அதாவது ரிக்கற் கிழிப்பதும் காவல் போடுவதும், உள்ளூராட்சியிடம் இருந்து தொல்பொருள் திணைக்களத்துக்குப் போயிருக்கலாம்.

ஐந்துக்கும் சட்டம் வேறு, காலக்கெடு வேறு, எதிர்க்கும் வழி வேறு. எது நடந்தது என்று தெரியாமல் எழுதிய மனு ஒவ்வொரு கந்தோராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வர்த்தமானி இருக்கிறதா, இருந்தால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்?

மாகாண சபையா, மத்திய அரசா? பழைய இடங்கள் சட்டப்படி யாற்ற பொறுப்பு?

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் மூன்று நிரல்களைச் சேர்த்தது: மாகாண சபைக்குரியது, மத்திய அரசுக்கு ஒதுக்கியது, இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். பழமையான, வரலாற்று நினைவுச்சின்னங்களும் ஆவணங்களும் மாகாண நிரலில் இருக்கின்றன. ஆனால் கூடவே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. பாராளுமன்றச் சட்டத்தால் அல்லது அதன் கீழ் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது' என வெளிப்படுத்தப்பட்டவை மாகாணத்துக்கு இல்லை, அவை மத்திக்கு. தொல்லியல் இடங்களும் எச்சங்களும் அதே விதிவிலக்கோடு ஒருங்கிய நிரலில் இருக்கின்றன.

அதாவது அதிகாரம் மாகாணத்தில் தொடங்குகிறது, ஆனால் எது தேசியம் என்று தீர்மானிக்கும் பேனை மத்தியின் கையில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பில் இருந்தே முளைக்கின்றன. இந்த வாசகம் இந்திய அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளதை அப்படியே ஒத்தது. இந்தியாவில் நடப்பது பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது, அங்கே பார்ப்போம்.

அப்ப ஓர் இடம் மாகாணத்தில் இருந்து மத்திக்குப் போக எங்கட ஆட்கள் கையெழுத்துப் போட வேணுமா?

தனி ஓர் இடம் என்றால் வேண்டியதில்லை. நடைமுறையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வரும் வர்த்தமானி அறிவித்தலே போதும். மாகாண சபையின் சம்மதம் அதற்குத் தேவைப்படுவதில்லை.

ஆனால் நிரலையே மாற்றி, 'நினைவுச்சின்னங்கள் இனி முழுக்க மத்திக்கு' என்று எழுத வந்தால் கதை வேறு. அரசியலமைப்பின் 154எ உறுப்புரை அதற்குத் தடை போடுகிறது. அப்படியான சட்டமூலத்தை ஜனாதிபதி எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அனுப்ப வேண்டும். எல்லாச் சபைகளும் சம்மதித்தால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சபை மறுத்தாலும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. ஒரு மாகாண சபை தானாகவே தீர்மானம் நிறைவேற்றி, 'இந்த விஷயத்தில் பாராளுமன்றம் எங்களுக்குச் சட்டம் செய்யட்டும்' என்று கேட்கலாம். அந்தச் சட்டம் கேட்ட மாகாணத்துக்கு மட்டுமே பொருந்தும்.

1940 சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே. இன்னும் செல்லுமா?

செல்லும். பழைய சட்டங்கள் தொடரும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 1998இலும் 2005இலும் இந்தக் கட்டளைச்சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளையும் கடுமையாக்கியிருக்கிறார்கள்.

எவ்வளவு பழசாய் இருந்தால் தொல்பொருள்? எங்கட கோயிலுக்கு நூறு வருஷம்.

சட்டம் வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முன்னைய கட்டடம், கல்வெட்டு, சிலை என்றால் தானாகவே இந்தச் சட்டத்துக்குள் வரும். அதற்குப் பிந்தியது என்றால் அமைச்சர் தனியாக ஓர் ஆணை வெளியிட வேண்டும்.

எங்கள் ஊரிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. பிரட்ரிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1620களில் தொடங்கினார்கள், அது சந்தேகமே இல்லாமல் உள்ளே. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தோடு சேர்ந்தவை. எவ்வளவு பெரிய வரலாறு என்றாலும், ஆணை இல்லாமல் அவை தானாக உள்ளே வருவதில்லை. உங்கள் கோயில் நூறு வருடத்தது என்றால் அதன் நிலையும் இதுதான். ஆனால் வளவுக்குள் அதைவிடப் பழைய ஒரு தூணோ கல்வெட்டோ கிடந்தால் அந்தப் பொருளுக்குச் சட்டம் பொருந்தும்.

உறுதிக் காணிக்குள்ள இருக்கிற பழைய மண்டபத்துக்கு வர்த்தமானி வந்தால் காணி போயிடுமா?

போகாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவிப்பது உரிமையை மாற்றுவதில்லை, உறுதி என்னும் உரிமைப் பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கும். மாறுவது என்னவென்றால், அந்த மண்டபத்தைத் திருத்துவது, இடிப்பது, கூட்டிக் கட்டுவது எல்லாவற்றுக்கும் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஒழுங்குவிதிகளில் குறித்த தூரத்துக்குள் புதுக் கட்டடம் கட்டுவதற்கும் கட்டுப்பாடு வரலாம்.

காணியே போக வேண்டுமானால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தல் சட்டம் வர வேண்டும். அது தனிப் பாதை. 2ஆம் பிரிவு அறிவித்தல் 'பார்க்கப் போகிறோம்' என்பது, 4ஆம் பிரிவு அறிவித்தல் 'எடுக்க எண்ணியிருக்கிறோம், ஆட்சேபணை சொல்லுங்கள்' என்பது. பிறகு வெளிப்படுத்தல், நட்டஈடு என்று போகும். அவசரம் என்று சொல்லி 38(அ) பிரிவின் கீழ் உடைமையை முன்கூட்டியே எடுப்பதும் உண்டு. கையில் கிடைத்த கடதாசியில் இந்த இலக்கங்களில் ஒன்று இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

எங்களிட்ட உறுதி இல்லை, பெர்மிட்தான். சிலபேரிட்ட அதுவும் இல்லை, அப்பாட அப்பா காலத்தில இருந்து செய்யிறம்.

வருத்தமான பதில்தான், ஆனால் மறைக்கக் கூடாது. காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் தந்த அனுமதிப்பத்திரக் காணி சட்டத்தின் கண்ணில் அரச காணியே. ஒதுக்கிடம் அறிவிக்கப்படுவதும் அரச காணியில்தான். பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் உரிமை வரும் என்ற ஆட்சியுரிமைக் கதை தனியாருக்கிடையே செல்லும், அரசுக்கு எதிராகச் செல்லாது.

ஆனாலும் நீங்கள் வெறுங்கையோடு இல்லை. அனுமதிப்பத்திரம் ஒரு சட்டப் பத்திரம், முறைப்படி இரத்துச் செய்யாமல் அதை இல்லையென்று ஆக்க முடியாது. பத்திரமே இல்லாதவர்கள் பயிர்ச்செய்கையைக் காட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கமநல சேவை நிலையத்தின் பதிவு, உர மானியத் துண்டு, வாக்காளர் இடாப்பு, இடம்பெயர்ந்து முகாமில் இருந்ததற்கான அட்டை எல்லாம் உதவும். போரில் வீட்டோடு கடதாசி எரிந்த குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரின் பிரதி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

13ஆவது திருத்தத்தில காணி அதிகாரம் மாகாணத்துக்குத்தானே இருக்கு?

மாகாண நிரலில் 'காணி' இருக்கிறது, உண்மை. ஆனால் அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியது என்ற பின்னிணைப்போடு இருக்கிறது. 2013 செப்டம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, அரச காணி மீதான நியாயாதிக்கம் மாகாணத்துக்கு இல்லை என்று இதை உறுதிப்படுத்தியது. தொல்லியல் இடங்களில் பெரும்பகுதி அரச காணியில் இருப்பதால், நினைவுச்சின்னம் மாகாண நிரலில் இருந்தாலும் அது நிற்கும் மண் மத்தியிடம் என்ற நிலை வந்துவிடுகிறது.

ஜி.ஏ., டி.எஸ். எல்லாம் எங்கட மாகாண ஆட்கள்தானே? அவையிட்ட சொன்னால் நிப்பாட்ட மாட்டினமா?

மாவட்டச் செயலாளரும் (ஜி.ஏ.) பிரதேச செயலாளரும் (டி.எஸ்.) கிராம உத்தியோகத்தரும் மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். நகர சபையும் பிரதேச சபையும் மாகாணத்தின் பக்கம். பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. பிரதேச செயலாளரிடம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் காணி விபரம் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் மாகாணத்தின் சார்பாக மத்தியைத் தடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அந்த அதிகாரம் அவருக்கு இல்லை.

இன்னொன்று. காட்டோரக் காணிகளில் நடப்பட்ட கல் எல்லாம் தொல்பொருளின் கல் என்று நினைத்துவிடாதீர்கள். வன இலாகா போடும் கல் உண்டு, வனஜீவராசிகள் திணைக்களம் போடும் கல்லும் உண்டு. ஒன்றுக்கு எழுத வேண்டிய மனுவை மற்றதுக்கு எழுதி மாதக்கணக்கைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கன்னியாவில என்னதான் நடந்தது? முந்தி பிரதேச சபைதானே பார்த்தது?

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. தொட்டி மாதிரி சதுரமாகக் கட்டிய சின்னக் கிணறுகள், அடி தெரியும் ஆழம், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் மொண்டு ஊற்றிக் குளிப்பார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கிய தீர்த்தம் என்பது எங்கள் ஐதீகம், அந்தியேட்டிக் கிரியைக்காகச் சனம் அங்கே போவது அதனால்தான். பக்கத்தில் பிள்ளையார் கோயில். உள்ளூராட்சி பராமரித்து ரிக்கற் கொடுத்து வந்த இடம், போர் முடிந்த பிறகு தொல்பொருள் திணைக்களத்தின் நிர்வாகத்துக்குள் போனது. அநுராதபுர காலத்துப் பௌத்த மடாலய எச்சம் என்று அங்கே பலகையும் வந்தது.

சிக்கல் முற்றியது பிள்ளையார் கோயில் மேட்டில். தூபியின் அடித்தளம் என்று ஒரு பக்கம், கோயில் இருந்த மேடு என்று மறுபக்கம். 2019 ஜூலையில் பெரிய போராட்டம் நடந்தது. அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்த மேட்டில் விகாரை கட்டுவதை நிறுத்தி இடைக்கால உத்தரவு கொடுத்தது.

முதல் பதிலில் சொன்ன ஐந்து காரியங்களில் குறைந்தது மூன்று கன்னியாவில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: கிணறுகளின் அன்றாட நிர்வாகம், தொல்லியல் அடையாளப்படுத்தல், கோயில் காணியின் உரிமை. உத்தரவு கிடைக்க உதவியது காணியின் உரிமையைக் காட்டி வழக்குப் போட ஆள் இருந்தது என்பதே என் அபிப்பிராயம். கூட்டத்தின் குரல் விஷயத்தை நாடறியச் செய்தது, கடதாசி அதை நீதிமன்றத்தில் நிறுத்தியது. இரண்டும் தேவைப்பட்டன.

திணைக்களத்தின் கீழ வந்த கோயிலில பூசை செய்யலாமா? திருப்பணி?

பூசைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. தன் மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரையும், வழிபாட்டுச் சுதந்திரத்தை 14(1)(உ) உறுப்புரையும் தருகின்றன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரையே இந்த இரண்டு உரிமைகளையும் எல்லா மதங்களுக்கும் காப்பாற்ற வேண்டும் என்கிறது. யாராவது 9ஐ மட்டும் எடுத்துக் காட்டினால் முழு வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

திருப்பணி வேறு. பழைய சுவரில் சீமெந்து பூசுவது, தளத்துக்கு மாபிள் போடுவது, ஓடு மாற்றுவது எல்லாவற்றுக்கும் எழுத்தில் அனுமதி எடுங்கள். இதில் திணைக்களத்தின் பக்கம் நியாயமும் இருக்கிறது. கல்வெட்டு எழுத்தின் மேல் வருடாவருடம் பெயின்ற் அடித்து ஒரு எழுத்தும் தெரியாமல் ஆக்கிய கோயில்கள் எங்களிடமும் இருக்கின்றன. அதை நாங்கள் செய்துவிட்டு, வரலாற்றை மற்றவர்கள் அழிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

கோட்டைக்குள்ள கோணேசர். ஆமி, தொல்பொருள், கோயில், மூண்டில ஆர் பொறுப்பு?

மூன்றுக்கும் பங்கு இருக்கிறது. பிரட்ரிக் கோட்டை தொல்லியல் சட்டத்துக்குள் வருகிறது, உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, கோணேசர் கோயிலை அதன் பரிபாலன சபை நடத்துகிறது. கோயிலுக்குப் போகும் பாதையே கோட்டை வாசலுக்குள்ளால் போவதால் கடை, வாகனத் தரிப்பிடம், மின்விளக்கு என்று எதைத் தொட்டாலும் மூன்று பக்கமும் பேச வேண்டியிருக்கிறது.

இன்றைய கோயில் கட்டடம் 20ஆம் நூற்றாண்டினது. ஆனால் தலம் தேவாரம் பெற்றது. வாசலில் நுழையும்போது கல்லை நின்று பாருங்கள். கயல்மீன் செதுக்கல் தெரியும், அதோடு தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் மூட்டிய திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று சொல்லும் அந்தக் கல்வெட்டு, பறங்கி கட்டிய கோட்டையின் வாசலிலேயே நிற்கிறது. கட்டடம் புதிது என்பதால் இடத்தின் தொன்மை குறையாது. கோட்டையைப் பாதுகாக்கும் சட்டம் அந்தக் கல்லையும் சேர்த்தே பாதுகாக்கிறது என்பதைப் பரிபாலன சபைகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்த வேண்டும்.

கிணறு வெட்டேக்க சிலையோ பழைய செங்கலோ வந்தால் மூடிவிடுறது நல்லதுதானே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பயத்தில் மூடிய குழிகளைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் வலிக்கிறது, ஏனென்றால் மூடப்படுவது பெரும்பாலும் எங்கள் சான்றுதான்.

சட்டப்படி, கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. கிடைத்தால் அறிவிப்பது கடமை, உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். ஆகவே வேலையை நிறுத்துங்கள். பொருளை அசைக்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோலையோ பேனையையோ வைத்துப் பல பக்கத்தில் படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். தெரிந்த தொல்லியல் ஆசிரியருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அதே நாளில் படத்தை அனுப்பிவிடுங்கள். பிறகு அந்தப் பொருள் எங்கே போனாலும் அது எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்ற பதிவு உங்களிடம் இருக்கும்.

'பௌத்த இடம்' என்று பலகை வந்தால் எங்கட வரலாறு போச்சுதானே?

போகாது, நாங்களாக விட்டுக்கொடுத்தாலொழிய. வெல்கம் விகாரையை எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்த இடம், மறுப்பே இல்லை. ஆனால் அங்கே கிடைத்த 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்தவர்களின் கல் அது. 'நாதனார் கோவில்' என்றும் ஊர் அதை அழைத்தது. தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதற்கு இலங்கையில் உள்ள மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? திரியாயில் கிரிகண்டி சைத்தியம் பற்றிய பாறைக் கல்வெட்டு சமஸ்கிருத மொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது. நிலாவெளிப் பிள்ளையார் கோயிலில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கோணமாமலைத் தலத்துக்கு, அதாவது கோணேசருக்கு, 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது.

ஆகவே 'பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ்' என்ற கோட்டை யார் கீறினாலும் எங்கள் மண்ணின் கற்கள் அதை ஏற்காது. பலகையை எதிர்ப்பதானால், அது பௌத்தம் என்கிறது என்று எதிர்க்காதீர்கள். அது எதை விட்டுவிட்டது என்று கேளுங்கள். மூன்று மொழியிலும் ஒரே விபரம் இருக்கிறதா, தமிழ்க் கல்வெட்டு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். தமிழும் அரச கரும மொழி என்பதை 18ஆம் உறுப்புரை சொல்கிறது.

இந்தியாவில தஞ்சைப் பெரிய கோயிலை மத்திய அரசுதானே வடிவாப் பார்க்குது. இங்க மட்டும் ஏன் பயப்பட வேணும்?

அங்கேயும் மூன்று பட்டியல்தான். தேசிய முக்கியத்துவம் அறிவிக்கப்பட்டவை இந்தியத் தொல்லியல் துறையிடம், மற்றவை தமிழ்நாடு அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். மத்தியின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு இடத்தை எடுக்குமுன் அரசிதழில் எண்ணத்தை அறிவித்து, ஆட்சேபணைக்கு 2 மாதம் கொடுக்கிறது. வழிபாட்டிடத்தை அதன் தன்மைக்கு முரணாகப் பயன்படுத்தக்கூடாது என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. தஞ்சையில் கட்டடம் தொல்லியல் துறையிடம் இருந்தாலும் பூசை தடையில்லாமல் நடக்கிறது. கீழடியில் அகழாய்வை மத்தியத் துறை தொடங்கியது, 2018 முதல் மாநிலத் துறை தொடர்ந்தது. அங்கேயும் குறை இருக்கிறது. 2010 திருத்தம் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீற்றரில் புதுக் கட்டடத்தைத் தடைசெய்தபோது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இங்கேயிருந்து பார்த்தால் வித்தியாசம் என்னவென்றால், அங்கே மாநிலத்தில் சொந்தச் சட்டமும் ஆய்வாளர்களும் அகழாய்வுக்குப் பணமும் உள்ள துறை ஒன்று இருக்கிறது. மத்தி ஒன்று சொன்னால் மறுத்துப் பேசத் தகுதியுள்ள ஆள் மாநிலத்திடம் உண்டு. கிழக்கு மாகாணத்துக்கு அந்தப் பலம் கட்டப்படவில்லை.

2020இல ஜனாதிபதி செயலணி ஒண்டு போட்டினமே. அது சட்டத்தை மாத்தினதா?

இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அமைத்த செயலணி அது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவராக இருந்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அது பெரிய அநியாயம் என்று அப்போதும் சொன்னோம், இப்போதும் சொல்கிறோம். ஆனால் செயலணியால் நிரலையும் மாற்ற முடியாது, உங்கள் உறுதியையும் மாற்ற முடியாது. 'செயலணி அடையாளப்படுத்தியது' என்று யாராவது சொன்னால், அதற்குப் பிறகு வர்த்தமானி வந்ததா என்று கேளுங்கள்.

மாகாண சபையே இல்லாத நேரத்தில எங்களுக்காக ஆர் கதைக்கிறது?

கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம். நியதிச்சட்டம் (மாகாணச் சட்டம்) செய்ய, தீர்மானம் நிறைவேற்ற, மூன்றாம் பதிலில் சொன்ன 154எ உறுப்புரையின் கீழ் 'சம்மதமில்லை' என்று சொல்ல, தெரிவான உறுப்பினர் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். தேர்தல் கேட்பவர்கள் பாடசாலையையும் வீதியையும் சொல்கிறார்கள், மரபுரிமையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை பிரதேச சபை, நகர சபைத் தீர்மானங்களும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமும்தான் பதிவாகக்கூடிய மேடைகள். கூட்டக் குறிப்பில் உங்கள் ஆட்சேபணை எழுதப்பட்டதா என்று சரிபாருங்கள்.

வழக்குப் போடுறதெண்டால் எந்தக் கோட்?

காரியத்தைப் பொறுத்தது. அதிகாரியின் முடிவை இரத்துச் செய்ய எழுத்தாணை கேட்பதென்றால் 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் எழுத்தாணை அதிகாரம் உண்டு, ஆனால் மாகாண நிரலில் உள்ள விஷயங்களுக்கு மட்டுமே. ஆகவே இடம் எந்த நிரலில் வருகிறது என்ற இரண்டாம் கேள்வி, எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்பதையும் தீர்மானிக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்றால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தனியார் காணியின் உரிமைத் தகராறு என்றால் மாவட்ட நீதிமன்றம்.

யுனெஸ்கோவுக்கு நேர எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பட்டியலுக்கு முன்மொழிய அரசால் மட்டுமே முடியும். எங்கள் மாவட்டத்தில் சேருவிலவில் இருந்து சிவனொளிபாதமலைக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை 2010 முதல் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

ஒருக்கா மத்திக்குப் போனால் திரும்பி வராதா?

சட்டத்தில் வழி இருக்கிறது, நடைமுறையில் அரிது. ஒரு வர்த்தமானியை மாற்ற இன்னொரு வர்த்தமானி வேண்டும். இந்தியாவில் முன்னே சொன்ன 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தேசிய முக்கியத்துவம் போய்விட்டது என்று அறிவிக்க இடம் தருகிறது. இங்கே ஒரு அண்மைய அனுபவம்: 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கின் நான்கு மாவட்டக் காணிகளுக்கு உரிமை கோர 3 மாத அவகாசம் வைத்து ஒரு வர்த்தமானி வந்தது. அது தொல்லியல் அல்ல, காணி நிர்ணயம். ஆனால் எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் அந்த அவகாசம் முடியும் முன்பே வந்ததால் அரசு அதை மீளப்பெற்றது.

சரி, இண்டைக்கே என்ன செய்யலாம்?

தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். இடத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தெரிந்தால் நில அளவைப் பட இலக்கம் போடுங்கள். 'எங்கள் இடத்துக்கு என்ன நடந்தது' என்று கேட்டால் பதிலும் மொட்டையாக வரும். வர்த்தமானி இலக்கமும் திகதியும், சட்டப் பிரிவு, எல்லைப் படத்தின் பிரதி, கள ஆய்வு அறிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு.

அப்புறம் ஊருக்குள் ஒரு வேலை. கோயில் வளவு, குளக்கட்டு, பழைய மேடு எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து, வயதானவர்கள் சொல்லும் இடப்பெயர்களையும் எழுதி, ஒரு பிரதியைக் கோயில் சபையிலும் ஒன்றைப் பாடசாலை நூலகத்திலும் ஒன்றை வெளியூர்ப் பிள்ளைகளிடமும் வையுங்கள். வளவுக்கு உறுதி இருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பதிவுப் பிரதியைப் புதிதாக எடுத்து வையுங்கள். உறுதி இறந்துபோன தர்மகர்த்தாவின் பெயரில் கிடந்தால், பலகை வரும் வரை காத்திருக்காமல் இந்த வருடமே நொத்தாரிசிடம் போய் அதைச் சீர்செய்யத் தொடங்குங்கள்.